இடது கையைத் தூக்குங்கள்

மண்டபம் முகாம் தாண்டி ரோட்டோரக் கல்யாண மஹால்.
முந்தாநாள் வலீமா நடந்த கூடத்தில்
இன்று ஒன்பது தலைகள்,
மேசை விளிம்பில் திருகி முடுக்கியவை.
கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை.
ரப்பர் கன்னம். அலுமினிய மண்டை.
மூடத் தெரியாத வாய்க்குள் இருபத்தெட்டு பிளாஸ்டிக் பற்கள்,
ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு திருகு.
கெடுத்தால் கழற்றி வேறு போடலாம்.
பல் ஒன்று எழுபது ரூபாய்,
பயிற்சிக் கட்டணத்தில் சேராது.

பிரியாணி வாசனை இன்னும் திரைச்சீலையை விட்டுப் போகவில்லை.

காலையில் முதல் வேலை:
வாய்க்கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டு
தாளில் ஒரு நட்சத்திரம் வரைய வேண்டும்.
முன்னே தள்ளினால் கோடு பின்னே போகிறது.
ஐந்து வருடம் படித்த கை
ஈர மணலில் நண்டு மாதிரி நடக்கிறது.
என் நட்சத்திரத்துக்கு ஏழு முனை.

அடுத்தது முட்டை.
ஓட்டை மட்டும் குடைந்தெடுக்க வேண்டும்,
உள்தோல் கிழியக் கூடாது.
அந்தத் தோல்தான் நரம்பறையின் கூரை என்று வைத்துக்கொள்ளுங்கள்
என்றார் டாக்டர் ஷமீமா.
வைத்துக்கொண்டோம்.
பதினெட்டு முட்டையில் பதினொன்று செத்தது.
மஹால் சமையல்காரர் பாத்திரத்தோடு வந்து நின்று
ஓடு பொறுக்கி, ஆம்லெட் போடக் கொண்டுபோனார்.

பதினொன்றரைக்கு ஊசி.
அதற்குப் பொம்மை கிடையாது.
இருவர் இருவராக, ஒருவர் தாடையை மற்றவர் மரக்கச் செய்ய வேண்டும்.
எனக்கு ஜோடி தங்கச்சிமடம் ஜெனோவா.
நாற்காலியில் சாய்ந்து, நெற்றியில் சிலுவை போட்டு,
"பல்லு வலிக்கே அழுவேன், பாத்துக்க" என்றாள்.
புத்தகத்தில் உள்ளபடி சொன்னேன்:
வலித்தால் இடது கையைத் தூக்குங்கள்.

கட்டைவிரல் பள்ளத்தைத் தேடியது. கிடைத்தது.
எதிர்ப்பக்கக் கடைவாயிலிருந்து ஊசி உள்ளே போனது.
எலும்பு தட்டியது. ஒரு நூல் பின்வாங்கினேன்.
இழுத்துப் பார்த்தேன், ரத்தமில்லை.
மெல்ல, மெல்ல, முழுதும் இறக்கினேன்.
இவ்வளவு சுத்தமாக நான் எதையும் செய்ததில்லை.

பத்துக்கு எட்டு.
இரண்டு எதற்குக் குறைந்தது என்று கேட்டேன்.
"முழங்கை தூக்கியிருந்தது" என்றார் டாக்டர் ஷமீமா.

டீ வந்தது.
ஜெனோவா குடித்த பாதி மோவாயில் வழிந்தது.
ப வரவில்லை அவளுக்கு, ம வரவில்லை.
உதடு சேரும் எழுத்தெல்லாம் காற்றாகப் போயின.
"தூக்குனேன்.
ரெண்டு தடவ தூக்குனேன்.
நீ 'ஆக்கவே இல்ல."

சுவரோரம் ஒன்பது தலைகளும்
வாயைத் திறந்தபடி இருந்தன.

மதியம் எல்லோரும் சாப்பிட்டார்கள்.
உதட்டைக் கடித்துக்கொள்வாளென்று அவளுக்குச் சோறு கிடையாது.
எனக்கும் இறங்கவில்லை. அதைத் தியாகம் என்று யாரும் எழுத வேண்டாம்,
மீன்குழம்பில் உப்பு அதிகம்.

திரும்பி வந்தால், என் மேசை முன்னால் நிற்கிறாள்,
கையில் ஒரு கையுறை. ஊதிப் பார்க்கிறாள்.
மரத்த பக்கம் வழியாகக் காற்று போய்விடுகிறது.
என்னிடம் நீட்டினாள்.
நான் ஊதினேன். ஐந்து விரலும் விறைத்து நின்றன.
தையலுக்கு வைத்திருந்த கறுப்புப் பட்டு நூலில்
அவள் முடிச்சுப் போட்டு
தலைக்கு இடப்பக்கம், மேசை விளிம்பில் தொங்கவிட்டாள்.
ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வந்திருந்தாலும்
பாதி எழுத்துதான் வந்திருக்கும்.

ஜன்னல் திறந்திருந்தது. கச்சான் காற்று.
பெடலை மிதித்தேன், ஏரோட்டார் கிறீச்சிட்டது,
கீழ்க்கடைவாய்ப்பல்லைத் தொடப் போகிறேன்,
கை தூக்கியது.

நிறுத்தினேன்.

"காற்றுங்க அது" என்றான் பக்கத்து மேசை அன்வர்தீன்.
தெரியும்.
கை இறங்கக் காத்திருந்து மறுபடி மிதித்தேன்.
தூக்கியது.

நாலு மணிக்கு மற்றவர்கள் மூன்று பல் முடித்திருந்தார்கள்.
நான் ஒன்றில் பாதி.
டாக்டர் ஷமீமா வந்து, பல்லைப் பார்த்தார், தொங்குவதைப் பார்த்தார்,
தாளில் நேரம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்தார்.
எடுத்தார்.
ஜன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்டார்.

வேண்டாம் மேடம் என்றேன்.